சாவி வைத்திருப்பவர்கள்

லேக் மார்க்கெட், கொல்கத்தா
ஞாயிறு மதியம்

அன்புள்ள மகளுக்கு,

நேற்று ராத்திரி நீ போனில் கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. உன் அம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டு, "சாப்பிட்டாளா கேளுங்கோ, சளி போச்சா கேளுங்கோ" என்று தொணதொணத்துக்கொண்டிருந்தாள். போனை வைத்த பிறகு தூக்கம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். எழுதினால்தான் எனக்குக் கோர்வையாக வரும், உனக்குத் தெரியுமே.

நீ சொன்னதை நான் புரிந்துகொண்டது இது. மான்செஸ்டர் வீட்டில் உன்னோடு இருக்கும் இரண்டு பெண்களில் ஒருத்தி யூதப் பெண், ஒருத்தி முஸ்லிம். முதல் வருஷம் மூன்று பேரும் ஒரே தட்டில் சாப்பிடாத குறையாக இருந்தீர்கள். 2023 அக்டோபரில் இஸ்ரேல்-காஸா போர் மூண்ட பிறகு மெல்ல மெல்லப் பேச்சு குறைந்து, இப்போது ஃப்ரிட்ஜில் இது உன் தட்டு, அது என் தட்டு என்று டேப் ஒட்டியிருக்கிறது. நடுத்தட்டு உனக்கு. "அப்பா, நம்ம ஊர்ல யூதர் கோயிலை, அந்த சினகாகை, முஸ்லிம்கள்தான் பார்த்துக்கறான்னு சொல்லுவியே, அந்த போட்டோவை அனுப்பு, ரெண்டு பேருக்கும் காட்டறேன்" என்றாய்.

போட்டோ அனுப்புகிறேன். ஆனால் அதை மட்டும் காட்டினால் அது வாட்ஸப்பில் வரும் "மனிதநேயம் சாகவில்லை" வகையறா ஆகிவிடும். அவர்கள் இரண்டு பேரும் மரியாதைக்கு ஒரு புன்னகை பூத்துவிட்டு அவரவர் அறைக்குப் போய்விடுவார்கள். காஸா போரில் இரண்டு பேருக்கும் செத்துப்போன சொந்தமோ சிநேகிதமோ இருக்கலாம். அந்தத் துக்கத்தை மூடிவைக்க நம் ஊர் போட்டோவை மூடியாகப் பயன்படுத்தாதே. கதை சொல்வதானால் முழுசாகச் சொல். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நான் 1979-இல் வேலைக்குச் சேர்ந்தது பொல்லாக் தெருவில், ஒரு சின்னக் கப்பல் ஏஜென்சியில். 2014-இல் ஓய்வு பெறும்வரை அதே தெரு, கிட்டத்தட்ட அதே நாற்காலி. டல்ஹௌசியில் பஸ்ஸை விட்டு இறங்கி, கைவண்டிக்கும் தலைச்சுமைக்கும் ஒதுங்கி ஒதுங்கி நடப்பேன். என் ஆபீஸ் இருந்த தெருவிலேயே பெத் எல் சினகாக் இருந்தது, 1856-இல் கட்டியது. கொஞ்சம் தள்ளி, கேனிங் தெரு பிராபோர்ன் சாலையில் சேரும் முனையில் மாகேன் டேவிட், 1884-இல் கட்டியது. சிவப்புச் செங்கல், மேலே கடிகாரம் வைத்த உயரமான கோபுரம். புதிதாக வருகிறவன் சர்ச் என்றுதான் நினைப்பான். சுமைதூக்கிகள்கூட 'கிர்ஜா' என்றுதான் சொல்வார்கள். அதை ஒட்டியே நேவே ஷாலோம் என்று இன்னொன்று, அதுதான் மூன்றிலும் பழைய சபை.

அந்த வட்டாரத்தையே நீ ஒருமுறை மனசுக்குள் நடந்து பார். ஆர்மீனியர்களின் நசரேத் சர்ச் 1724-இல் எழுந்தது. போர்த்துகீசியரின் சர்ச் 1799. அங்கிருந்து சித்பூர் பக்கம் கால் மணி நேரத்துக்குள் நடந்தால் நக்கோதா மசூதி. கட்ச்சிலிருந்து வந்த மேமன் வியாபாரிகள் 1926-இல் அடிக்கல் நாட்டிய மசூதி. சிகந்தராவில் இருக்கும் அக்பர் சமாதியைப் பார்த்துக் கட்டியது. நக்கோதா என்றால் பாரசீகத்தில் கப்பல் தலைவன். நாகூர் பக்கம் மரைக்காயர்கள் 'நாகுதா' என்பார்கள், அதே வார்த்தைதான். கப்பல் ஏஜென்சிக்காரனுக்கு அந்தப் பெயர் மேல் ஒரு தனிப் பிரியம்.

முதன்முதலில் நான் மாகேன் டேவிட் உள்ளே போனது வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருஷம் கழித்துத்தான். தினமும் தாண்டிப் போகிற இடத்துக்குள் யார் போகிறார்கள்? அன்றைக்கு நல்ல மழை. வெளியே சுவரோடு சுவராகக் கடைகள்: பிளாஸ்டிக் சாமான், பை, பொம்மை, குடை. கேட் எது, கடை எது என்று தெரியாது. கடைக்காரர்கள் முக்கால்வாசி முஸ்லிம்கள். ஒருவர் தார்ப்பாயைத் தூக்கிப் பிடித்து என்னை உள்ளே விட்டார். உள்ளே வந்த பெரியவர் தாடியும் லுங்கியுமாக இருந்தார். முதலில் என் தலையைப் பார்த்தார். பிறகு ஒரு டப்பாவிலிருந்து சின்னத் தொப்பியை எடுத்து நீட்டி, "இதைப் போட்டுக்கொள்ளுங்கள், இங்கே தலை திறந்திருக்கக் கூடாது" என்று ஹிந்தியில் சொன்னார். மசூதிக் குல்லாயோ என்று நினைத்தேன். அது யூதர்கள் போடும் கிப்பா. அவர் தலையிலும் ஒன்று இருந்தது. அது எந்த வகை என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

உள்ளே தரையில் கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கக் கட்டம். பளபளவென்று இருந்தது. எதிர்க்கோடியில் தோரா என்ற யூத வேதச் சுருள்களை வைக்கும் இடம், அதற்கு மேலே அரைக்கோளக் கூரையில் நட்சத்திரங்கள். மாடியில் பெண்களுக்குத் தனி இடம். தொழ ஒருவருமில்லை. தொழுகை முழுமையாக நடக்க வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும், அந்தப் பத்து சேருவதே திண்டாட்டம் என்றார் பெரியவர். அப்படியானால் யாருக்காக இவ்வளவு துடைக்கிறீர்கள் என்று என் வாய்வரை வந்துவிட்டது. கேட்கவில்லை. அவரே பித்தளை விளக்கைத் துடைத்துக்கொண்டே, தன் அப்பாவும் இங்கேதான் வேலை பார்த்தார், தனக்கு ஒரிசாவில் ஊர் என்று சொன்னார். மதியம் ஆனதும், சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு நமாஸுக்குக் கிளம்பிவிட்டார். அதனால் நானும் கிளம்ப வேண்டியதாயிற்று.

இதுதான் நீ கேட்கிற போட்டோ. சரி, இனிமேல் போட்டோவில் விழாததைச் சொல்கிறேன்.

இங்கே யூதர்கள் எப்படி வந்தார்கள்? அலெப்போவிலிருந்து சூரத் வழியாக ஷாலோம் கோஹென் என்பவர் 1798-இல் கல்கத்தா வந்தார். அவர்தான் முதல் ஆள். பின்னால் பாக்தாத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். அதனால் இவர்களுக்குப் பெயரே பாக்தாதி யூதர்கள். வீட்டில் பேசியது அரபி. அந்த அரபியை எழுதியது எபிரேய எழுத்தில். 1878-இல் 'பேராஹ்' என்று ஒரு பத்திரிகைகூட அந்த எழுத்தில் கல்கத்தாவில் அச்சானது. உனக்கு இது விசித்திரமாகப் படலாம். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் தமிழை அரபி எழுத்தில் எழுதவில்லையா? அர்வி என்று நம் ஊரிலேயே இருக்கிறதே, அதன் மறுபக்கம் என்று வைத்துக்கொள். ஆக, இவர்கள் கல்கத்தாவில் முஸ்லிம்களைப் புதிதாகச் சந்திக்கவில்லை. பேச்சு, சாப்பாடு, பெயர் எல்லாம் பல நூற்றாண்டு ஒட்டு. தாவூத், டேவிட், யூசுஃப், ஜோசஃப், இப்ராஹிம், ஆபிரஹாம். பிராபோர்ன் சாலையில் நின்று ஒரு பெயரைக் கூப்பிட்டால் இரண்டு மதத்திலும் ஆள் திரும்பும்.

பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடு. பட்டு, அவுரி, அப்புறம் சீனாவுக்குப் போன அபின். டேவிட் ஜோசஃப் எஸ்ரா அந்தப் பணத்தை வீடுகளிலும் மனைகளிலும் போட்டுப் பெரும் சொத்துக்காரர் ஆனார். 1882-இல் அவர் இறந்த பிறகு, மகன் எலியாஸ் அப்பா நினைவாகக் கட்டியதுதான் மாகேன் டேவிட். எஸ்ரா தெரு என்று இப்போதும் இருக்கிறது, விளக்குச் சாமான் வாங்க உன்னை ஒரு தீபாவளிக்குக் கூட்டிக்கொண்டு போனேனே. எஸ்பிளனேட் மேன்ஷன்ஸ் எஸ்ரா வீட்டார் கட்டியது. நாம் குடும்பத்தோடு அண்ணாந்து பார்த்த கட்டடங்களில் பாதி அவர்களுடையதுதான்.

ஆகவே, யூதர் வீட்டுக்கும் முஸ்லிம் வீட்டுக்கும் இருந்த உறவை அண்ணன் தம்பி உறவு என்று சொன்னால் அது பொய். பெரும்பாலும் முதலாளி, வேலைக்காரர் உறவு. சமையல்காரர், வண்டிக்காரர், காவல்காரர், பேக்கரிக்காரர் என்று சம்பளம் வாங்கியவர்கள் முஸ்லிம்கள். இதைச் சொல்லாமல் விட்டால் உன் முஸ்லிம் சிநேகிதி சரியான இடத்தில் பிடித்துக்கொள்வாள். பிடிக்கத்தான் வேண்டும்.

ஆனால் அந்த வேலைக்குள்ளேயே ஒரு நுணுக்கம் இருந்தது. அதைச் சொல்லத்தான் எனக்கு ஆசை.

எங்கள் ஆபீஸ் டெஸ்பாட்சில் ஒரு முஸ்லிம் நண்பர் இருந்தார், பார்க் சர்க்கஸ் வட்டாரத்துக்காரர். உனக்கு ஈத் அன்று சேமியா கொண்டுவருவாரே, அவர்தான். அவருடைய பெரியப்பா ராய்ட் தெருவில் ஒரு யூதர் வீட்டில் முப்பது வருஷம் சமையல் செய்தவர். யூதர்கள் முஸ்லிம் சமையல்காரரையே தேடி வைத்துக்கொண்டதற்குக் காரணம் லேசானது. பன்றி வாசலைத் தாண்டாது. மிச்சத்தைச் சொல்லிக்கொடுத்தால் போதும். கறியையும் பாலையும் சேர்க்கக் கூடாது. இரண்டுக்கும் தனித்தனிப் பாத்திரம். கறியை உப்புப் போட்டு வைத்து ரத்தம் போக்க வேண்டும். கறிக்குழம்பு கெட்டியாக வேண்டுமா, தயிர் கூடாது, தேங்காய்ப்பால் விடு. இதெல்லாம் அந்தப் பெரியப்பாவுக்கு மனப்பாடம். வீட்டுக்காரம்மாள் வெளியூர் போயிருந்தாலும் தயிர் கரண்டி கறிச்சட்டியில் விழாது. அப்படி ஒருமுறை ஒரு புதுப் பையன் விட்டுவிட, இவர்தான் அவனைத் திட்டித் தீர்த்தாராம். வீட்டுக்காரம்மாள், "போகட்டும் விடு" என்றாளாம்.

வெள்ளிக்கிழமை பார், எவ்வளவு அழகாகப் பொருந்தியிருக்கிறது. மதியம் அவர் ஜும்மா தொழுகைக்குப் போய்விட்டு வருவார். சாயங்காலம் சூரியன் விழுந்ததும் வீட்டுக்காரர்களுக்கு சப்பாத் என்ற ஓய்வு நாள் ஆரம்பம். அதற்குப் பிறகு அடுப்பு மூட்டக் கூடாது. அதனால் பொழுது சாயும் முன்பே ஹமீன் ஏறிவிட வேண்டும்: கோழிக்குள் அரிசி அடைத்து, ராத்திரி முழுக்கத் தணலில் கிடந்து சனிக்கிழமைக்கு எழுந்திருக்கும் சாப்பாடு. இவருடைய தொழுகை முடிந்து அவர்களுடைய தொழுகை தொடங்கும் அந்த நாலைந்து மணி நேரத்தில் சமையலறை பறக்குமாம்.

இன்னொன்று சொன்னார், அதை நான் பல வருஷம் யோசித்திருக்கிறேன். யூதர், கிறித்தவர் போல முன்பே வேதம் பெற்றவர்களின் உணவு ஆகும் என்று குர்ஆனில் இருக்கிறது, அதனால் யூத முறைப்படி அறுத்த கறியைப் பெரியப்பா சாப்பிடுவார். அந்தக் குடும்பம் அவருடைய வீட்டுக் கறியைச் சாப்பிட முடியாது, அவர்கள் சட்டம் இடம் தராது. முப்பது வருஷம் அவர்களுக்குச் சமைத்தவர், தன் வீட்டு பிரியாணியை ஒருநாளும் அவர்களுக்குத் தந்ததில்லை. ஈத் அன்று பழத்தட்டு கொண்டுபோய்க் கொடுப்பார். எது கொடுத்தால் அவர்கள் மறுக்க வேண்டியிராது என்று அவருக்குத் தெரியும். அவர்களும் அவருக்கு ரம்ஜான் மாதத்தில் மதியம் சமையலைச் சுருக்கிக்கொள்வார்களாம்.

உன் பாட்டி உயிரோடு இருந்திருந்தால் யூதர் சமையலறையை ஒரு நொடியில் புரிந்துகொண்டிருப்பாள். "நம்ம மாதிரி பத்து பாக்கறா, அவ்வளவுதானே" என்றிருப்பாள். சாதம் தொட்ட கையால் தயிரைத் தொடாதே என்று என் முதுகில் எத்தனை அடி விழுந்திருக்கிறது.

இங்கே ஒன்றை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த டெஸ்பாட்ச் நண்பர் நம் வீட்டுக்கு முதல்முறை வந்தது 1983 வாக்கில், நீ பிறக்காத காலம். பாட்டி நல்ல டிகாக்‌ஷன் இறக்கி, நுரை பொங்கக் காபி கொடுத்தாள். அவருக்கு மட்டும் கண்ணாடி டம்ளர். எங்களுக்கெல்லாம் பித்தளை டபரா. அவர் குடித்துவிட்டு, "அம்மா காபி பிரமாதம்" என்று அவருக்குத் தெரிந்த ஒரே தமிழைச் சொல்லிவிட்டுப் போனார். அந்த டம்ளரைப் பாட்டி பின்பக்கத்து மாடத்தில் தனியாக வைத்தாள். அடுத்த தடவையும் அதே டம்ளர்தான் வந்தது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பாட்டியிடமும் பேசவில்லை, அவரிடமும் பேசவில்லை. அவர் கவனித்தாரா என்றால், ஒரு மனுஷன் முப்பது வருஷம் தபால் பிரித்து அடுக்கியவன், எது எந்த மாடத்துக்குப் போகிறது என்று கவனிக்காமல் இருப்பானா?

யோசித்துப் பார்த்தால் அவருடைய பெரியப்பா வைத்திருந்ததும் தனிப் பாத்திரம், பாட்டி வைத்திருந்ததும் தனிப் பாத்திரம். ஒன்று அவர்கள் வயிறாரச் சாப்பிடட்டும் என்று வைத்தது. இன்னொன்று இவர் எங்களைத் தொட்டுவிடக் கூடாது என்று வைத்தது. உங்கள் ஃப்ரிட்ஜ் டேப் இதில் எந்த வகை என்று எனக்குத் தெரியாது. நீதான் பார்க்க வேண்டும்.

அப்புறம், இந்த ஊரை ரொம்பப் புனிதமாக்கிவிடாதே. 1946 ஆகஸ்ட் 16-இலிருந்து நாலு நாள் இந்துவும் முஸ்லிமும் இதே தெருக்களில் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டார்கள். ஆயிரக்கணக்கில் செத்தார்கள். உன் தாத்தா அப்போது கல்யாணமாகாத பிள்ளை, ஒரு மெஸ்ஸில் கதவைச் சாத்திக்கொண்டு அரிசிக்கஞ்சியும் நார்த்தங்காயுமாகக் கிடந்தார். அந்தச் சண்டையில் யூதர்கள் ஒரு கட்சியும் இல்லை. ஆட்சி யாருக்கு என்ற கேள்வியில் அவர்களுக்குப் பங்கே இல்லை. அவர்கள் தப்பித்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும்.

பாக்தாத்தைப் பார். அங்கே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரத்து ஜனத்தொகையில் மூன்றில் ஒரு பங்கு யூதர்கள் என்பார்கள். இங்கே இருந்ததைவிட ஆயிரம் மடங்கு நெருக்கமான வாழ்க்கை. சங்கீதக்காரர்கள், வியாபாரிகள், எல்லாம். 1941 ஜூனில் ஃபர்ஹூத் என்ற கலவரம் வந்தது. இரண்டே நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அந்தக் கலவரத்திலேயே பக்கத்து வீட்டு முஸ்லிம்கள் பல யூதக் குடும்பங்களை ஒளித்துவைத்துக் காப்பாற்றியும் இருக்கிறார்கள். 1950, 51-இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் விமானத்தில் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். அதே பாக்தாத் ஜனங்கள், அதே அரபிப் பேச்சு, அதே ஹமீன். இங்கே ஒரு மாதிரி முடிந்தது, அங்கே வேறு மாதிரி. மதத்துக்குள் காரணம் தேடினால் இதற்கு விடை கிடைக்காது. அரசாங்கமும் நிலமும் எல்லைக்கோடும் நடுவே வந்தபோது அங்கே அண்டை வீடு தாங்கவில்லை. இங்கே யாரும் அந்த உறவை அப்படிச் சோதிக்கவில்லை. இது என் அபிப்பிராயம், உன் சிநேகிதிகள் மறுக்கலாம்.

இங்கிருந்து யூதர்களை யாரும் துரத்தவில்லை. 1940-களில் நாலாயிரம், ஐயாயிரம் பேர் இருந்தார்கள். ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தபோது ரங்கூன் யூதர்களும் இங்கே வந்து சேர்ந்தார்கள். பிறகு பிரிவினை வந்தது, வெள்ளைக்காரன் போனான், வியாபாரச் சட்டங்கள் மாறின, 1948-இல் இஸ்ரேல் உருவானது. இளசுகள் லண்டன், சிட்னி, டெல் அவிவ் என்று கிளம்பின. மகன் போனால் பின்னாலேயே அப்பா அம்மா. (இதை எழுதும்போது பேனா கொஞ்சம் நிற்கிறது, சரி விடு.) இப்போது இருபது பேர் தேறினால் அதிகம்.

அதனால்தான் சொல்கிறேன், இந்தக் கதையில் ஒரு ஓட்டை இருக்கிறது. இருபது கிழவர்களோடு யாருக்குப் பகை வரும்? இல்லாதவர்களோடு ஒற்றுமையாக இருப்பது சுலபம். காலியான கோயிலைத் துடைப்பதற்கும், எதிர் அறையில் கோபமாக உட்கார்ந்திருப்பவளோடு ஒரே ஃப்ரிட்ஜைப் பகிர்வதற்கும் தூரம் நிறைய.

ஆனாலும் என்னால் ஒதுக்க முடியாத இரண்டு விஷயம் இருக்கிறது.

ஒன்று பள்ளிக்கூடம். 1881-இல் யூதப் பெண் பிள்ளைகளுக்காக ஆரம்பித்தது, ஜூயிஷ் கேர்ள்ஸ் ஸ்கூல். பிள்ளைகள் மிஷனரிப் பள்ளிக்குப் போய் மதம் மாறிவிடுவார்களோ என்ற பயம் அதற்குப் பின்னால் இருந்தது. இப்போது பார்க் தெருவில் இருக்கிறது. யூத மாணவி ஒருத்தியும் இல்லை. படிப்பவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் பெண்கள். பெயர்ப்பலகையை யாரும் மாற்றவில்லை. காஸா செய்தியை டிவியில் பார்த்துக் கொதிக்கிற அப்பாக்கள்தான் மறுநாள் காலை மகளை அந்தப் பலகைக்குக் கீழே ஸ்கூட்டரிலிருந்து இறக்கிவிட்டுப் போகிறார்கள். நான் அந்தப் பக்கம் பல்வலிக்குப் போகும்போதெல்லாம் பார்ப்பேன். அவர்களுக்கு அதில் முரண்பாடே தெரியவில்லை. நல்ல பள்ளி, கட்டணம் கட்டுப்படியாகும், பெண் பிள்ளைகளுக்குப் பத்திரம். பேட்டி எடுக்கப் போகிறவர்களுக்குத்தான் முரண்பாடு தெரிகிறது.

இரண்டாவது அந்தச் சாவிக்கொத்து. பழுது பார்த்துச் சீராக்கி, பெத் எல்லும் மாகேன் டேவிட்டும் 2017 டிசம்பரில் மறுபடி திறந்தார்கள். வெளிநாட்டிலிருந்தெல்லாம் குடும்பங்கள் வந்தன. அன்றைக்கு நான் போகவில்லை, அடுத்த மாதம் போனேன். பழைய பெரியவர் இல்லை. கறுப்பு வெள்ளைத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தவன் இளவட்டம். அவனும் ஒரிசாவில் ஊர் என்றான். ரசிகன்போல் நான் ஏதோ பெரிய கேள்வியாக, "யூதர் கோயிலில் வேலை செய்வது எப்படி இருக்கிறது?" என்று கேட்டுவிட்டேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "மேலே புறாத் தொல்லைதான்" என்றான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவனிடம் நான் போட்டோவுக்கான பதிலை எதிர்பார்த்திருக்கிறேன். அவனுக்கு அது வேலை, அதை ஒழுங்காகச் செய்ய வேண்டும், சம்பளம் ஏற வேண்டும், புறா எச்சம் போடக் கூடாது.

நீ நாஹூம் கேக் கடையைப் பற்றிக் கேட்பாய், கேட்காமல் இருக்க மாட்டாய். நியூ மார்க்கெட்டில் அதே தேக்கு அலமாரிகளோடு அப்படியே இருக்கிறது. 1902-இல் ஆரம்பித்த வியாபாரம். கடைசி பெரியவர் டேவிட் நாஹூம் 2013-இல் காலமானார். முன்பெல்லாம் சினகாகைப் பார்க்க அனுமதிச் சீட்டுக்கு வெளியூர்க்காரர்கள் அந்தக் கல்லாவுக்குத்தான் வருவார்கள். யூதர் கடை, அடுப்படியில் முஸ்லிம் கைகள், டிசம்பரில் கிறித்தவர் பண்டிகைக்கு வரிசையில் நிற்பது முக்கால்வாசி வங்காளி இந்துக்கள். அந்த வரிசையில் உனக்காக நான் எத்தனை மணி நேரம் நின்றிருக்கிறேன்! முட்டை போட்ட கேக் என்று அம்மா கூடத்துக்குள் விட மாட்டாள், மொட்டைமாடியில் உட்கார்ந்து சாப்பிடுவோம்.

ஒரு சுவாரஸ்யம், இதையும் அவர்களிடம் சொல். 1947-இல் முதல் மிஸ் இந்தியா பட்டம் வாங்கிய பிரமிளா, கல்கத்தாவில் பிறந்த பாக்தாதி யூதப் பெண். சொந்தப் பெயர் எஸ்தர் விக்டோரியா ஆபிரஹாம். கட்டிக்கொண்டது குமார் என்ற பெயரில் நடித்த ஒரு முஸ்லிம் நடிகரை. அவர் 1963-இல் பாகிஸ்தான் போனார், இந்த அம்மாள் போக மாட்டேன் என்று பம்பாயிலேயே இருந்துவிட்டாள். மகள் நக்கி ஜஹான் 1967-இல் மிஸ் இந்தியா. பட்டம் வாங்கிய அம்மாவும் பெண்ணும். இதில் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, உன் அம்மாவுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும், அவ்வளவுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பெரியப்பா செய்த சமையலில் ஒன்று எனக்குத் தெரியும். டெஸ்பாட்ச் நண்பர் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை உட்காரவைத்துச் செய்துகாட்டினார். ஆலு மக்கல்லா. ஆலு ஹிந்தி, மக்கல்லா அரபி, பொரித்தது என்று பொருள். கறியும் கிடையாது, பாலும் கிடையாது, அதனால் யூதப் பெண்ணுக்கு எதோடும் சாப்பிடலாம். முஸ்லிம் பெண்ணுக்குத் தடை இல்லை. நீயோ முட்டையைத் தவிர இன்னும் நம் வீட்டுப் பெண்தான் என்று நம்புகிறேன்.

செய்வதற்கு முன்னால் உன் யூத சிநேகிதியிடம் அவள் பாத்திரம் பார்க்கிறவளா என்று கேள். உங்கள் பொது வாணலியில் எல்லாரும் எல்லாமும் வறுத்திருப்பீர்கள், அவள் பார்க்கிறவளானால் அது ஆகாது. புது வாணலி வாங்கு, அடி கனமாக, ஆழமாக. பணம் அனுப்புகிறேன். முஸ்லிம் பெண்ணிடமும் கேள், உன் ஊகத்தில் விடாதே.

பழைய உருளைக்கிழங்காக, நடுத்தர அளவில், ஒரே மாதிரி பொறுக்கிக்கொள். தோல் சீவி, உப்பும் மஞ்சள்தூளும் போட்ட தண்ணீரில் ஒரு கொதி வரவிட்டு இறக்கி வடிகட்டு. ஈரம் நன்றாகக் காய வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் தெறிக்கும். முள்கரண்டியால் அங்கங்கே குத்து. வாணலியில் போட்டு, மூழ்கும் அளவுக்குச் சூடாக்காத எண்ணெய் ஊற்றி, அப்புறம்தான் அடுப்பைப் பற்றவை. எண்ணெய் காய்ந்ததும் தணித்துவிடு. ஒரு மணி நேரம் போல ஆகும். நடுவில் கரண்டி போடாதே, வாணலியை லேசாகக் குலுக்கினால் போதும். மேல்தோல் கெட்டியானதும் அப்படியே விட்டுவிட்டு, எல்லாரும் மேஜைக்கு வந்த பிறகு தீயைக் கூட்டிப் பொன்னிறமாக எடு. முன்கூட்டியே எடுத்தால் வதங்கிப்போகும். அதனால் மூன்று பேரும் வீட்டில் இருக்கிற நாளாகப் பார்த்துச் செய். வெள்ளி சாயங்காலம் வேண்டாம், அவள் அன்றைக்குத் தன் ஆட்களோடு இருப்பாள்.

கத்தியால் வெட்டினால் தட்டிலிருந்து துள்ளி ஓடும், அவ்வளவு மொறுமொறுப்பு. கையால் உடைத்துத்தான் சாப்பிட வேண்டும். உள்ளே பஞ்சு மாதிரி இருக்கும், சூடு ஆளைக் கொன்றுவிடும், பார்த்து.

புகை அலாரம் அடித்தால் ஜன்னலைத் திற. அம்மா உனக்கு வடகம் போட்டு வைத்திருக்கிறாள், யாராவது அந்தப் பக்கம் வந்தால் சொல், கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா